இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் ஒரு எண்

சென்ற வாரம் என் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

படூரிலிருந்து கேளம்பாக்கம் போவதற்குள், ஸ்டியரிங்குக்குப் பின்னால், இன்ஜின் படம் போட்ட அந்தச் சின்ன விளக்கு. வண்டி நன்றாகத்தான் ஓடியது. விளக்கு மட்டும் அணையவில்லை. போன வருஷம் என்றால் கவலையே பட்டிருக்க மாட்டேன். போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். டீ ஆறுவதற்குள் நாலு பேர் பதில் சொல்லியிருப்பார்கள். அதில் ஒருவர் திட்டியும் இருப்பார். டீசல் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று.

இந்த முறையும் போட்டேன். நீல டிக் வந்தது. எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பதில் இல்லை. சாயங்காலம் தனியாக ஒரு செய்தி வந்தது, குழுவில் நான் ஒருமுறைகூடப் பேசியிராத ஒருவரிடமிருந்து: 'செக் பண்ணித் தரலாம் சார். விசிட்டிங் சார்ஜ் உண்டு.'

தப்பா? இல்லை. வேலைக்குக் கூலி கேட்பது எப்படித் தப்பாகும்?

சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோனேன். ஏதோ ஒரு சென்சார். மாற்றினார்கள், முடிந்தது. ஆனால் அந்த மௌனம் மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. எழுபது சொச்சம் பேர் இருக்கும் குழு. ஒரு காலத்தில் வாயை மூடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்த குழு...

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு என் காரைத் தெரியும். பழைய டீசல் வண்டி. விற்க மனசில்லை, வைத்திருக்கத் தெம்பில்லை. அதற்கு வைத்தியம் தேடிப் போன இடத்தில்தான் இந்தக் குழு கிடைத்தது.

புரியாதவர்களுக்காக ஒரு பத்தி. இன்றைய காரில் இன்ஜினை நடத்துவது உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எந்த வேகத்தில் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும், டர்போ எவ்வளவு காற்றை உள்ளே தள்ள வேண்டும் — எல்லாம் கட்டம் கட்டமாக எண்களாக அதற்குள் இருக்கின்றன. கம்பெனி போட்ட எண்களைக் கொஞ்சம் திருத்தினால் வண்டி நன்றாக இழுக்கும். திருத்திய எண்களின் தொகுப்புக்கு 'ஃபைல்' என்று பெயர். ஒரு கேபிள், ஒரு லேப்டாப், கொஞ்சம் துணிச்சல் இருந்தால் வண்டியில் ஏற்றிவிடலாம். வாரன்டி போகும். என் வண்டிக்கு அது போய் எத்தனையோ காலமாயிற்று.

குழுவுக்கு ஃபைல் எழுதியவர் சுந்தரேசன். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்பாக்கத்தில் வேலை, அளவீட்டுக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு. ஆபீஸ் முடிந்து வந்ததும் கால்பந்து பார்க்கிறவர்கள் உண்டு, வாக்கிங் போகிறவர்கள் உண்டு. இவர் எண்களோடு உட்காருவார். எழுதிய ஃபைலை ஆன்லைனில் ஒரு ஃபோல்டரில் போட்டு, குழுவில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார். காசு கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை.

லாக் போட வேண்டும்.

அதாவது, ஃபைலை ஏற்றியவர் திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் வரை ஒருமுறை ஓட்ட வேண்டும். ஓடும்போது காற்றின் அழுத்தம், டீசல் அளவு, சூடு எல்லாவற்றையும் ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிய ஒரு சின்னக் கருவி போனுக்கு அனுப்பும். அந்தப் பதிவுதான் லாக். அதைக் குழுவில் போட வேண்டும். எல்லாருக்கும் ஒரே சாலை என்பதால் ஒப்பிட முடியும். லாக் போடாதவருக்கு அடுத்த ஃபைல் இல்லை. பெரிய ஐடி கம்பெனியில் மேனேஜராக இருக்கும் ஒருவர், பிஸி பிஸி என்று இழுத்துக்கொண்டே போனார். சுந்தரேசன் அவரை ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டார். அந்த மேனேஜர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியையும் கூட்டிக்கொண்டு ஓட்டி, லாக்கைப் போட்டு, மன்னிப்பும் கேட்டார்.

முதலில் இதெல்லாம் கெடுபிடி என்றுதான் நினைத்தேன். பிறகு புரிந்தது. ஒரு கட்டத்தில் எண் தவறாக இருந்தால் யாராவது ஒருவருடைய லாக்கில் தெரிந்துவிடும். சுந்தரேசன் திருத்துவார். எல்லாரும் மாற்றிக்கொள்வார்கள். ஃபைல் வெளியே போகும். சேதி உள்ளே வரும். உண்மையில் இது இலவசமே இல்லை. கொடுக்கல் வாங்கல்தான். ரூபாய் நோட்டு மட்டும் நடுவில் இல்லை.

சுந்தரேசனுக்கு எழுதத் தெரியும். ஊர் ஊராகப் போய் ஏற்ற நேரமில்லை. அந்த வேலையைச் செய்தவர் டில்லிபாபு. திருப்போரூர்க்காரர். ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட்டில் இருந்தார். லேப்டாப் பையை மார்பில் மாட்டிக்கொண்டு, குழுவில் யார் கூப்பிட்டாலும் பைக்கில் வந்துவிடுவார். என் வண்டிக்கும் அவர்தான் ஏற்றினார். எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்கில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, தரையில் ஒரு முழங்காலை ஊன்றி... பாதியில் பேட்டரி இறங்கினால் கம்ப்யூட்டரே செத்துவிடும் என்று, என் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் காரிலிருந்து ஒயர் இழுத்தார். அந்த மனிதரிடம் நான் அதுவரை குட்மார்னிங்கைத் தாண்டிப் பேசியதில்லை.

"இப்ப போய்ப் பாருங்க சார். வண்டி சும்மா கும்முனு போவும்" என்றார் டில்லி.

போனது.

நாங்கள் எல்லாரும் குழுவில் சுந்தரேசனுக்கு நன்றி சொன்னோம். டில்லிக்கு டீ வாங்கிக் கொடுத்தோம்.

இந்த இரண்டு வாக்கியங்களை அப்போது நான் கவனிக்கவில்லை. இப்போது எழுதும்போது உறுத்துகின்றன.

டில்லியின் கான்ட்ராக்ட் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. திருப்போரூரில் ஒரு ஷட்டர் கடையை வாடகைக்குப் பிடித்தார். எங்களில் பலர் வாழ்த்து போட்டோம். கொஞ்ச நாளில் இன்ஸ்டாகிராமில் அவருடைய ரீல்கள் வர ஆரம்பித்தன. ஒரு டாக்ஸி புழுதி கிளப்பிக்கொண்டு போகும். மேலே ஃபைலின் பெயர் ஓடும்: 'டில்லி ஸ்டேஜ் ஒன் — எங்கள் சொந்தத் தயாரிப்பு.'

சுந்தரேசனும் அந்த ரீலைப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பட்டிபுலம் பக்கம் ஒரு டீக்கடையில் நாங்கள் கூடுவோம். டில்லியும் வருவார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மற்றவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாகரிகம் என்று நாம் சொல்வதில் பாதி இதுதானோ? கேட்க வேண்டியதைக் கேட்காமல் டீ குடிப்பது?

பிறகு ஒரு நாள் டில்லி குழுவில் எழுதினார்: 'ஃபிரண்டு வண்டி. ஊட்டி மலைல டர்போ போயிடுச்சு. இன்னா காரணமா இருக்கும்?'

கார்க் குழுக்களில் 'ஃபிரண்டு' என்றால் கஸ்டமர். எல்லாருக்கும் தெரியும். பலர் பலவிதமாக யூகம் சொன்னார்கள். சுந்தரேசன் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை எனக்குப் போன் செய்தார்.

"சார், செங்கல்பட்டு வரைக்கும் வாரீங்களா? அந்த ஊட்டி வண்டி அங்க ஒரு ஷெட்லதான் நிக்குதாம். தனியாப் போக ஒரு மாதிரி இருக்கு."

பூஞ்சேரி கூட்டு ரோட்டில் என் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு அவர் காரில் ஏறினேன்.  திருக்கழுக்குன்றம் தாண்டிய பிறகு ஆரம்பித்தார். சாலையைப் பார்த்துக்கொண்டே, ஆபீஸில் அறிக்கை வாசிப்பதுபோல, வரிசையாகச் சொன்னார்.

அந்த ரீலைப் பார்த்த அன்று அவர் ஒரு பொறி வைத்திருக்கிறார். டில்லி விற்பது தன் ஃபைல்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு ஃபைலுக்குள் ஓர் அடையாளம் வேண்டும். தற்செயலாக வேறு யாரும் எழுதிவிட முடியாத ஓர் எண். வண்டிக்குத் தொந்தரவு தராத இடத்தில் இருக்க வேண்டும். தேடினார். உயரத்துக்கான அட்டவணை கண்ணில் பட்டது.

மலை ஏற ஏறக் காற்று மெலியும். அதே அழுத்தம் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அளவு மீறிச் சுற்றினால் உடையும். அதனால் உயரம் கூடக் கூட, போதும் குறைத்துக்கொள் என்று சொல்ல அந்த அட்டவணையில் எண்கள் இருக்கும். அதில் கடைசிக் கட்டம் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல். கம்பெனி அங்கே நூற்றுக்கு எண்பது சொச்சம் என்று போட்டிருந்தது. சுந்தரேசன் அதை அழித்துவிட்டு நூற்றுப் பதினேழு என்று போட்டு, ஃபைலை வழக்கம்போல ஃபோல்டரில் வைத்தார்.

"நம்ம எல்லாரும் கடல் ஓரத்துல ஓட்டுதோம் சார். ஈசிஆர்ல ரெண்டாயிரம் மீட்டர் எங்க இருக்கு? திருக்கழுக்குன்றம் மலைக்கே படியேறித்தான் போணும். அந்தக் கட்டத்த ஒரு வண்டியும் தொடாதுன்னு நெனச்சேன்."

கடல் மட்டத்தில் வாழ்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. உலகமே கடல் மட்டத்தில் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

இத்தனைக்கும், அவர் வேலை பார்க்கும் இடத்தில் ஓர் அளவைத் திருத்தினால் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். அதே பழக்கத்தைத்தான் லாக் என்று எங்களிடமும் கொண்டுவந்தார். பொறியை மட்டும் யாரிடமும் காட்டிச் சரிபார்க்க முடியாது. காட்டினால் அது பொறி இல்லை.

கொஞ்ச நாளில் குழு நண்பர் ஒருவர் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருக்கிறார். பழக்க தோஷம், அங்கேயும் லாக் எடுத்துக் குழுவில் போட்டார். உச்சிக்குப் போனதும் புகை வருகிறது, அழுத்தம் ஏறுகிறது, பார்த்தீர்களா சார் என்று கேட்டார். நிதானமாக ஓட்டுகிறவர், ஒன்றும் ஆகவில்லை. சுந்தரேசனுக்கு உயிர் போய்விட்டது. அன்றைக்கே எண்ணைப் பழையபடி மாற்றிப் புது ஃபைல் போட்டார். 'சின்ன கரெக்‌ஷன். எல்லாரும் புதுசை ஏற்றிக்கொள்ளவும்' என்று எழுதினார்.

நானும் ஏற்றிக்கொண்டேன். எதற்கென்று கேட்கவில்லை. அவர் சொன்னால் ஏற்றுவதுதான் வழக்கம்.

"சின்ன கரெக்‌ஷன்னு ஏன் போட்டீங்க?" என்று காரில் கேட்டேன்.

"பெரிசுன்னு போட்டா ஏன்னு கேப்பாங்கள்லா சார்."

அவ்வளவுதான். குழுவுக்குள் இருந்த வண்டிகள் தப்பித்தன. வெளியே, டில்லி கடையில் ஏற்றிய வண்டிகள் எத்தனை என்று சுந்தரேசனுக்குத் தெரியாது. டில்லிக்குத் தெரியும். டில்லியிடம் கேட்க வேண்டும் என்றால் பொறியைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டிருக்கிறார்.

செங்கல்பட்டு பைபாஸ் ஓரம் ஒரு மெக்கானிக் ஷெட். கழற்றிய டர்போ தினசரித் தாள் ஒன்றின் மேல் இருந்தது. உள்ளே இருக்கும் விசிறியில் ஓர் இதழ் பாதி இல்லை. பக்கத்தில் வண்டியின் சொந்தக்காரர் ஏழுமலை குந்தியிருந்தார். திருக்கழுக்குன்றம் பக்கத்துக் கிராமம். முன்பு நிலம், இப்போது இந்த ஒரு வண்டி. அதுவும் லோனில். வார நாட்களில் ஓஎம்ஆரில் ஓர் ஆபீஸுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். அந்த ஆபீஸ் சவாரிதான் வீட்டுக்கு அரிசி. சனி, ஞாயிறு வெளியூர். அப்படித்தான் ஒரு குடும்பத்தை ஊட்டிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். வண்டி நிறைய ஆள், மேலே கேரியரில் சாமான். குன்னூர் தாண்டி ஏறும்போது ஊளையிடுவதுபோல ஒரு சத்தம். பிறகு கறுப்புப் புகை. குழந்தைகளோடு அந்தக் குடும்பம் சாலையோரம் நின்று வேறு வண்டி பிடித்துப் போனது. இவர் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

டில்லியும் அங்கே இருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. காலையிலிருந்தே இருக்கிறாராம். ஏழுமலைக்கு நாஸ்தா வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

சுந்தரேசன் லேப்டாப்பை எடுத்தார். வண்டியில் கேபிளைச் செருகி உள்ளே இருக்கும் ஃபைலைப் படித்தார். அட்டவணைகளைத் தள்ளித் தள்ளி, கடைசிக் கட்டத்துக்குப் போனார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

நூற்றுப் பதினேழு.

அவர் கேட்ட நிரூபணம். பொறி மிகச் சரியாக வேலை செய்திருந்தது. இத்தனை வருஷம் பத்திரிகையில் எத்தனையோ பேர் தாங்கள் சொன்னது நிரூபணமானபோது எப்படி இருந்தார்கள் என்று பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

"இன்னா சார், எதனா தெரிஞ்சிதா?" என்று ஏழுமலை கேட்டார்.

சுந்தரேசன் மழுப்பவில்லை. அதை இங்கே எழுதியாக வேண்டும். எல்லாவற்றையும் சொன்னார். ரீலைப் பார்த்தது, பொறி வைத்தது, கொடைக்கானல் லாக், சின்ன கரெக்‌ஷன். டில்லி லேப்டாப் பக்கம் வந்து அந்த எண்ணைப் பார்த்தார்.

"என்ன புடிக்கிறதுக்கா சார் இத்த வெச்சீங்க?"

"ஆமா."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லிருப்பேனே. உங்க ஃபைலுதான்னு."

"நீ சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்லா. காசு வாங்கு, வேண்டாங்கல. சொந்தத் தயாரிப்புன்னு போட்டியே..."

 டில்லி சொன்னார்:

"உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும் சார், நீங்க சும்மா குடுக்கலாம். நான் எத்தினி வூட்டாண்ட வந்து தரைல உக்காந்து போட்டுக் குடுத்தேன். எவனாவது டில்லி ஃபைலுன்னு சொன்னானா? நானே ரீல்ல போட்டா உங்களுக்குக் கோவம் வருது."

சுந்தரேசன் கேபிளை உருவி லேப்டாப்பை மூடினார். 

இந்த விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்று அதன் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இலவசமாகக் கொடுக்கிறவருக்கும் விலை உண்டு. பெயர் வேண்டும், லாக் வேண்டும், நன்றி வேண்டும். விற்கிறவரிடமும் கொடை உண்டு. அவர் முழங்கால் தரையில் இருந்ததை நாங்கள் கொடையாக எண்ணவில்லை, அவ்வளவுதான். அறிவு என்றால் எண்கள் என்று நினைத்தோம். அந்த எண்களைப் பத்திரமாக ஏற்றிய கையும் அறிவுதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் விற்றதில் ஒன்று நிஜமாகவே தொலைந்தது. டில்லியின் கஸ்டமர்கள் லாக் போட்டதில்லை. ஏன் போட வேண்டும்? காசு கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது. ஃபைல் வெளியே போனது. சேதி திரும்பி வரவில்லை. வந்தது உடைந்த டர்போ மட்டும்.

"புது ஃபைல் வந்ததுமே, அடுத்து கடைக்கு வந்த வண்டிக்கெல்லாம் அதத்தானே ஏத்தினீங்க?" என்று டில்லியிடம் கேட்டேன்.

ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். பழைய கஸ்டமர்களுக்கு ஏன் சொல்லவில்லை?

"கூப்ட்டு இன்னா சார் சொல்றது? நான் போட்டதுல தப்பு கீதுன்னா? கடை தொறந்து நாலு மாசம் ஆவல. சின்ன கரெக்‌ஷன்னு தானே சாரும் போட்டிருந்தாரு."

அதுவரை ஏழுமலைக்குப் பாதிதான் புரிந்திருந்தது. டில்லியைப் பார்த்தார். சுந்தரேசனைப் பார்த்தார். கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். குரலே உயரவில்லை.

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றார். "சாருக்கு முழுசாத் தெரியும். உனக்குக் கொஞ்சம் தெரியும் பாபு. ஒரு போன் அடிச்சு, ஏழுமல, மலைக்கு மட்டும் போவாதடான்னு சொல்றதுக்கு இன்னா நைனா? நான் இன்னா ஏதுன்னுகூடக் கேட்டிருக்க மாட்டனே."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். இலவசமாகக் கொடுத்தவரிடம் ஏழுமலையின் நம்பர் இல்லை. விலைக்குக் கொடுத்தவரிடம் இருந்தது. சொல்ல வேண்டிய செய்தி ஒருவரிடம், சொல்ல வேண்டிய ஆளின் நம்பர் இன்னொருவரிடம். நடுவில் ஒரு டீக்கடை பெஞ்ச்.

வண்டியைச் சரிசெய்யும் செலவை இருவருமே ஏற்றார்கள். அதில் தகராறு இல்லை. ஆனால் சரியாகி வருவதற்குள் ஆபீஸ் சவாரி வேறு வண்டிக்குப் போய்விட்டது. போனது போனதுதான்; அந்த வேலைக்கு வரிசையில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். ஏழுமலை இப்போது செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஸ்டாண்டில் நிற்கிறார். சவாரி வந்தால் உண்டு.

வண்டி கைக்கு வந்த அன்று சுந்தரேசன் தானே உட்கார்ந்து நல்ல ஃபைலை ஏற்றித் தருவதாகச் சொன்னார். டில்லியும் சொன்னார். ஏழுமலை இருவரிடமும் வேண்டாம் என்றார். கம்பெனி எப்படிக் கொடுத்ததோ அப்படியே இருக்கட்டும். இழுக்காவிட்டால் பரவாயில்லை, ஏசியை அணைத்துக்கொள்கிறேன் என்றார்.

சுந்தரேசன் குழுவில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். அந்த எண் உட்பட. அந்த ஃபைலை ஏற்றிய எந்த வண்டியும் மலைக்குப் போகக்கூடாது என்று எழுதினார். எழுதிவிட்டு ஃபோல்டரைக் காலி செய்தார். அத்தனை ஃபைல்கள், அத்தனை பேரின் லாக்குகள். இன்னொருவர் வண்டியைத் தொடும் தகுதி தனக்கு இல்லை என்று முடித்திருந்தார். வேண்டாம் என்று பலர் கெஞ்சினார்கள். நானும் பேசிப் பார்த்தேன்.

"சார், கோவத்துல கை வச்சிட்டேன். இனி நிதானமா வச்சாலும் எனக்கே நம்பிக்க வராது" என்றார்.

அவர் போனதும் மற்றவர்களுக்கும் வாய் அடைத்துப்போனது. பதில் சொன்னால் நாளை நம் தலையில் விடியுமோ என்ற பயம். பயம் இல்லாத ஒரு சிலர் விசிட்டிங் சார்ஜ் கேட்கிறார்கள்.

டில்லியின் கடை திறந்துதான் இருக்கிறது. 'சொந்தத் தயாரிப்பு' என்ற வரியை எடுத்துவிட்டார். சுந்தரேசனின் கடைசி ஃபைலைத்தான் இன்னும் ஏற்றுகிறார். அதற்கு மேல் ஒன்று வரப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். பழைய கஸ்டமர்களுக்குப் போன் செய்தாராம். பாதிப் பேர் எடுத்தார்கள். சிலர் வண்டியை விற்றுவிட்டார்கள். சில நம்பர்கள் உபயோகத்தில் இல்லை. ஆக, அந்த நூற்றுப் பதினேழு இன்னும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஊட்டிக்குப் போகாதவரை அவையெல்லாம் நல்ல வண்டிகள்.

இதை எழுதலாமா என்று கேட்க, முந்தாநாள் ஏழுமலையைப் பார்க்கப் போனேன். பேரை மாற்றிப் போடுங்கள் என்றார். மாற்றியிருக்கிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடையது போன்ற ஒரு வண்டி வந்து நின்றது. பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போய், அந்த டிரைவரின் ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னார். அந்த ஆள் சிரித்துக்கொண்டே கண்ணாடியை ஏற்றினார்.

இதே மாடல் வண்டி எது வந்தாலும் போய்ச் சொல்கிறாராம். திருப்போரூரில் ஃபைல் போட்டாயா, போட்டிருந்தால் மலைக்குப் போகாதே, போய் மாற்றிக்கொள் என்று.

"கேக்குறாங்களா?" என்றேன்.

"எங்க சார் கேக்குறான். இத்த சொல்றதுக்கு உனக்கு இன்னா கமிஷன்னு கேக்குறான்."

நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.